ராப்பர்: பாடகரா, சொல்லிசைஞரா?

தங்கச்சிமடத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் திருவிழா நோட்டீஸ் அச்சாவதற்கு முன்னால் ஒரு வழக்கு எழுந்தது. கலைநிகழ்ச்சி வழங்குவோர் வரிசையில் நாதசுரம், ஒயிலாட்டம், நாடகம் ஆகியவற்றுக்குக் கீழே ‘ராப் பாடகர்’ என்று உள்ளூர் இளைஞர் ஒருவரின் பெயர் இருந்தது. மெய்ப்பைப் படித்த பெரியவர் ஒருவர், “இந்தப் பையன் பாடவே இல்லையேப்பா, பேசத்தானே செய்றான்; இவனை எப்படிக் கலைஞர் வரிசையில சேக்குறது?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அந்த நியாயத்துக்கு இடங்கொடுத்தது ‘பாடகர்’ என்ற பொருந்தாச் சொல்.

‘ராப்’ என்பது ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டு முதலே வழங்கும் ஒலிக்குறிப்புச் சொல். ‘டொக்’கென்று அடிப்பது, தட்டுவது என்பதுதான் அதன் முதற்பொருள். சொல்லை வெடுக்கென்று தெறிக்கவிடுதல் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது; 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் அது மனம்விட்டு உரையாடுவதைக் குறித்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்ட் 11 அன்று கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தைத்தான், ராப்பை உள்ளடக்கிய ஹிப்ஹாப் கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்; அத்தகைய விருந்துகளில் தாளத்தின்மேல் பேசியவர்களின் கலைக்கு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ‘ராப்’ என்ற பெயர் நிலைத்தது. ‘ரிதம் அண்ட் பொயட்ரி’ (தாளமும் கவிதையும்) என்பதன் சுருக்கமே ராப் என்று சிலர் சொல்வது பின்னாளில் கட்டிய விரிவு. நம் ஊர்களில் இரவில் பாடி வந்து யாசிப்பவரை ‘ராப்பாடி’ என்பார்கள். அதற்கும் ராப்பருக்கும் ஒலி ஒற்றுமைக்கு மேல் எந்த உறவும் இல்லை. எனினும், மொழிமுதலில் ரகரம் வாராது என்ற மரபுப்படி ‘இராமநாதபுரம்’ என்று எழுதுவோர் ‘இராப்’ என்றும் எழுதத் தொடங்கினால், அதை இரவுப் பாட்டு என்று படிப்பவரைக் குறைசொல்ல முடியாது.

இனி, ‘கலைஞர்’. இதிலுள்ள ‘ஞர்’ என்னும் ஈறு ஒருவரை அவர் கையாளும் பொருளாலோ செயலாலோ சுட்டுவது. பெரும்பாணாற்றுப்படை மீனவரை ‘வலைஞர்’ என்கிறது. இந்தக் கரையில் நிற்கும் எவருக்கும் அதற்கு உரை வேண்டியதில்லை. வலையால் தொழில் செய்பவர் வலைஞர், கவி செய்பவர் கவிஞர், கலையைக் கையாள்பவர் கலைஞர். அதிகம் பிடித்தவர் மட்டுமே வலைஞர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கலைஞர் என்பதை மட்டும் ஒரு விருதைப்போல எண்ணி, தகுதி பார்த்து வழங்க நினைக்கிறோம். விருதே அளவுகோல் என்றாலும் வழக்கு நிற்காது: 2018ஆம் ஆண்டு இசைக்கான புலிட்சர் பரிசு கென்ட்ரிக் லாமர் என்னும் ராப்பருக்குக் கிடைத்துவிட்டது.

ராப்புக்கு மலேசியத் தமிழரிடையேயும் இங்கும் பரவிவரும் தமிழ்ச்சொல் ‘சொல்லிசை’. சொல்லையே இசையாக ஆளுவது என்று அது விரியும். அதைச் செய்பவர் சொல்லிசைஞர். சற்று நீட்டினால் சொல்லிசைக் கலைஞர். மிருதங்கக்காரர்கள் ‘சொல்’ என்பது ‘தா’, ‘தீம்’ போன்ற பொருளற்ற தாள ஒலிகளை. அவற்றைக் கோத்தால் சொற்கட்டு. சொல்லிசையில் வரும் சொல்லுக்கோ பொருள் உண்டு என்பதால், இரண்டையும் ஒன்றாக மயங்க வேண்டாம்.

பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட ஒன்றுக்குத் தமிழில் இடமே இல்லை என்று நினைப்போர், தொல்காப்பியச் செய்யுளியலைப் புரட்டலாம். அங்கே ‘பண்ணத்தி’ என்றொரு வகை வருகிறது. பாட்டும் உரையும் போலச் செய்யப்படுவது என்று பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர் அதற்கு உரை சொல்கிறார். எழுத்துப் பயிற்சியில் சேராத, மக்கள் வாய்வழக்கில் ஓடிய பாட்டுகளையே அவர் அதில் அடக்குகிறார். அதே இயல் எண்ணும் 20 வண்ணங்களுள், அதாவது பாட்டின் ஓசைநடைகளுள், முடுகு வண்ணம் அடியின் எல்லையில் நில்லாமல் அதைக் கடந்து விரைந்தோடுவது. அடி முடிந்தும் மூச்சு முடியாமல் அடுத்த அடிக்குள் பாயும் ராப்பின் ஓட்டத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் அறியேன். ராப்பர்கள் ‘ரைம்’ என்பதும் பெரும்பாலும் நம் இயைபுதான்: அடிகளின் இறுதி ஒன்றிவரத் தொடுப்பது. இதனால் தொல்காப்பியர் காலத்திலேயே ராப் இருந்தது என்று யாரேனும் பெருமை பேசக் கிளம்பினால் அது வீண். பிராங்க்ஸில் பிறந்தது பிராங்க்ஸில் பிறந்ததே. அதை அளக்கும் கோல்கள் நம்மிடமும் உண்டு என்பது மட்டுமே என் கூற்று.

அப்படியானால் தாளத்தோடு வேகமாகப் பேசுகிற எல்லாரும் சொல்லிசைஞரா? பாம்பனில் மீன் ஏலம் கூறுகிறவரின் வாயில் எண்கள் முடுகிலேயே ஓடுகின்றன. ஆனால் கூடை கைமாறியதும் அந்தப் பேச்சின் வேலை தீர்ந்துவிடுகிறது, அதை மறுநாள் யாரும் திருப்பிச் சொல்வதில்லை. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் பின்பாடும் அம்பாப் பாட்டும் வேலைக்காகப் பிறந்ததுதான். ஆயினும் வலை கரையேறிய பின்னும் அதன் அடிகள் வாயில் நிற்கின்றன. புது அடி கட்டுகிறவருக்குக் கரையில் தனி மதிப்பும் உண்டு. சொல்லிசைஞரை ஏலம் கூறுபவரோடு வைக்காமல் அம்பாக்காரரோடு வைப்பதற்கு இதுவே காரணம். அவர் சொல்லைத் தேர்கிறார், தொடுக்கிறார், கேட்டவர் வாயில் அதை விட்டுச்செல்கிறார். பிறர் எழுதித்தந்ததை வேகமாக ஒப்பிப்பவரை நான் இந்த வரிசையில் சேர்க்கத் தயங்குவேன்.

வினைச்சொல்லில்தான் சற்று இடர்ப்பாடு. ‘ராப் பண்ணுகிறான்’ என்பது நாவில் படிந்துவிட்டது; ‘சொல்லிசைக்கிறான்’ என்பது ஏட்டில் நிற்குமே தவிரத் தெருவில் நடக்காது. பாட்டுக் கட்டுவது, அடி கட்டுவது என்ற வழக்கு இந்தக் கரையில் இருப்பதால் ‘சொல்லிசை கட்டுகிறான்’ என்று எழுதலாம். நோட்டீஸிலும் ‘பாடகர்’ என்பதை அடித்துவிட்டுச் ‘சொல்லிசைஞர்’ என்று திருத்தினார்கள். பெரியவர் அதை இரண்டுமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, மெய்ப்பை அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார்.