ஓதக் கணக்கை இசையாக்கும்போது

கடலூர் துறைமுகத்துக் கடல்மட்ட அளவை மணிவாரியாக எடுத்து, எண்ணுக்கு ஒரு ஸ்வரம் என்று போட்டுவிட்டால் அறிவியல் இசையாகிவிடாது. ஓதம் என்பது கடல் மெல்ல ஏறி மெல்ல வற்றுவது. அதனால் காதில் விழுவது நாளுக்கு இரண்டு ஆரோகணம், இரண்டு அவரோகணம், அவ்வளவுதான். எடுக்க வேண்டியது அளவுகளை அல்ல, அவற்றை ஆட்டிவைக்கும் விதியை. 1950களில் இசையமைப்பாளர் ஜெனாகிஸ் வாயு மூலக்கூறுகளின் வேகப் பரவலை நரம்பிசைக் கருவிகளின் வழுக்கல்களாக (ஸ்வரம் விட்டு ஸ்வரம் இழுத்துச் செல்வதாக) எழுதியபோது செய்தது அதைத்தான்.

நம் கடலுக்கு வருவோம். சந்திரனால் எழும் ஓதத்துக்கு ஒரு சுற்று 12 மணி 25 நிமிடம். சூரியனால் எழுவதற்கு 12 மணி. இரண்டும் சேரும்போது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஓங்கும். விலகும்போது அஷ்டமியை ஒட்டி அடங்கும். இந்த இரு சுற்றுகளின் விகிதம் ஏறக்குறைய 30:29. இசைக்கு இதுவே போதும்.

வயலின் இனத்துப் பெரிய கருவியான செல்லோவுக்கு 30 மாத்திரைச் (தாள எண்ணிக்கைச்) சுழற்சி, வயலினுக்கு 29. ஓதத்தை எழுப்பும் விசை சந்திரனுக்குச் சூரியனைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் கனமான கருவி சந்திரனுக்கு. 870 மாத்திரையில் இரண்டும் மறுபடி சமத்தில் (சுழற்சியின் தொடக்கத்தில்) கூடும். நொடிக்கு ஐந்து மாத்திரை வைத்தால் 2 நிமிடம் 54 நொடி.

29 பகா எண். எண்ணி வாசிக்கச் சொன்னால் கை தானாக 30க்கோ 28க்கோ போய்விடும். எழுத்துக்கு ஒரு மாத்திரையாக, வாயால் சொல்லும் சொற்கட்டாக மாற்றினால் நிற்கும். இருவரும் 'தகிட தகதிமி' மூன்று முறை. பிறகு வயலின் 'தகதிமி தகஜுணு' என எட்டும், செல்லோ 'தகதிமி தகதகிட' என ஒன்பதும். வேறுபாடு கடைசிச் சொல்லில் மட்டும் என்பதால் பிசகு உடனே தெரியும்.

435ஆம் மாத்திரை முடிந்ததும் சரிபாருங்கள். வயலின் 15 சுழற்சி முடித்துப் புதிதாக எடுக்கும் அதே நேரம் செல்லோ தன் 15ஆவது சுழற்சியின் நடுவில், மூன்றாவது 'தகிட'வின் 'கி'யில் இருக்க வேண்டும். கடல் அடங்கும் இடம் அது. அங்கே ஒலியையும் குறையுங்கள். ஆனால் நடை தளரக்கூடாது.

ஸ்கோரில் (எழுதிய இசைக்குறிப்பில்) இருவருக்கும் பொதுவான தாளக்கோடு போடாதீர்கள். ஆளுக்கொரு கோடு, மேலே மாத்திரை எண். ஒத்திகைக்கு க்ளிக் (தாளம் காட்டும் தட்டொலி) வேண்டுமென்றால் மாத்திரைக்கு மட்டும் வையுங்கள். சுழற்சித் தொடக்கத்துக்குத் தனி ஒலி வைத்தால், ஒருவருடைய சமத்துக்கு மற்றவர் தன்னை அறியாமலே இழுபட்டுப்போவார்.