நாலு விரலும் நாற்பத்து மூன்று கார்டும்

பியானோவில் நி, ஸ, க, ப என்ற நான்கு சுரங்களையும் ஒரே நேரத்தில் அழுத்தச் சின்னப் பிள்ளைக்கும் முடியும். கட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, கையை வைத்தால் ஆயிற்று. அதே நான்கையும் அதே உயரத்தில் கிட்டாரில் எடுத்துப் பாருங்கள். மேற்கத்திய 'சி' சுரத்தை ஸ என்று வைத்துக்கொண்டால், நான்காவது கம்பியில் 9வது ஃப்ரெட்டில் நி. (ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம். கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ண வேண்டும்.) மூன்றாவது கம்பியில் 5வதில் ஸ, இரண்டாவதிலும் 5வதில் க, முதல் கம்பியில் 3வதில் ப. மூன்றிலிருந்து ஒன்பது வரை ஏழு ஃப்ரெட் அகலத்தை ஒரு கை பிடிக்க வேண்டும். சாதாரணக் கை நிம்மதியாக எட்டுவது நான்கு ஃப்ரெட்தான். நான் முயன்று பார்த்து, சுண்டுவிரலை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

குற்றம் விரல் மீது இல்லை, கம்பிகள் கட்டப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. கிட்டாரில் ஒரு ஃப்ரெட் என்பது ஒரு அரைச்சுரம், அதாவது பியானோவில் கறுப்பையும் சேர்த்து எண்ணினால் அடுத்த கட்டைக்கு உள்ள தூரம். ஆனால் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குப் போனால் ஐந்து அரைச்சுரம் ஏறிவிடுகிறது (மூன்றாவது, இரண்டாவது கம்பிகளுக்கு நடுவில் மட்டும் நான்கு). நி-யும் ஸ-வும் ஒரே ஒரு அரைச்சுரம் தள்ளி இருப்பவை. இரண்டையும் சேர்த்து ஒலிக்க வேண்டுமென்றால் இரண்டு கம்பி வேண்டும். ஐந்து ஏறிய கம்பியில் ஒன்று மட்டும் ஏற, கை நான்கு ஃப்ரெட் பின்னால் வர வேண்டும். நெருக்கமான சுரங்களுக்குக் கிட்டார் தரும் தண்டனை அது.

இந்தத் தண்டனையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து, அதிலிருந்தே ஒரு கலையை எடுத்தவர் அமெரிக்க கிட்டார் கலைஞர் டெட் கிரீன். 1946இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர், 2005 ஜூலையில் 58 வயதில் அதே பக்கத்தில் என்சினோவில் இறந்தார். தம் பெயரில் அவர் வெளியிட்டது ஒரே ஒரு ஆல்பம், 1977இல் வந்த 'சோலோ கிட்டார்'. மேடைப் புகழ் அவரைத் தேடி அதிகம் வரவில்லை, அவரும் அதைத் தேடிப் போனதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் தம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவராக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இருபதுகளின் நடுவில், 1971இல் எழுதிய 'கார்டு கெமிஸ்ட்ரி' என்ற புத்தகம் இன்றும் ஜாஸ் கிட்டார்காரர்களின் அலமாரியில் இருக்கிறது. (கார்டு என்றால் ரேஷன் கார்டு இல்லை. ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டம்.) திறந்தால் பக்கம் பக்கமாகக் கட்டம் கட்டமாக விரல் படங்கள். முதல் பார்வைக்கு ரயில்வே கால அட்டவணை மாதிரி இருக்கும்.

சரி, அந்த ஏழு ஃப்ரெட் சிக்கலுக்கு வருவோம். ஜாஸ்காரர்கள் வழக்கமாகச் செய்வது எளிய வேலை. மேலிருந்து இரண்டாவது சுரத்தை எடுத்து ஒரு ஸ்தாயி கீழே போட்டுவிடுவார்கள். நி ஸ க ப என்பதில் மேலிருந்து இரண்டாவது க. அதைக் கீழே இறக்கினால் க நி ஸ ப. இப்போது விரலை வையுங்கள்: நான்காவது கம்பியில் 2வது ஃப்ரெட், மூன்றாவதில் 4, இரண்டாவதில் 1, முதலாவதில் 3. நான்கு ஃப்ரெட்டுக்குள் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று கை அப்படியே உட்காருகிறது. அந்த நெருக்கமான நி-ஸ ஜோடி, ஐந்துக்குப் பதில் நான்கே அரைச்சுரம் இடைவெளி உள்ள அந்த ஒரு இடத்தில் போய் அமர்வதையும் கவனியுங்கள். அதே நான்கு சுரங்கள்தான். உட்காரும் வரிசை மட்டும் மாறியது.

இதைத் தந்திரம் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் கிரீனும் பத்தோடு பதினொன்றாகியிருப்பார். அவர் கேட்ட கேள்வி வேறு: நான்கு சுரங்களை எத்தனை விதமாக உட்கார வைக்கலாம்? மொத்தம் எத்தனை நான்கு சுரக் கூட்டங்கள்தான் இருக்கின்றன?

இரண்டாவது கேள்வியை நாமே கணக்குப் போட்டுவிடலாம். ஒரு ஸ்தாயியில் 12 சுரத்தானங்கள். அதில் நான்கைத் தேர்ந்தெடுக்க 495 வழிகள். ஆனால் ஒரு கார்டை அப்படியே ஒரு ஃப்ரெட் தள்ளி வாசித்தால் சுருதி மாறுமே தவிர குணம் மாறாது, ஆதலால் தள்ளித் தள்ளிக் கிடைக்கும் பன்னிரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டும். 495ஐ 12ஆல் வகுத்தால் மீதி விழுகிறதே? காரணம், சில கார்டுகள் சமச்சீரானவை. மூன்று மூன்று அரைச்சுர இடைவெளியில் நிற்கும் கார்டை மூன்று ஃப்ரெட் தள்ளினால் திரும்ப அதே கார்டு வந்து நிற்கும். அதற்கு மூன்று வடிவம்தான். இன்னும் இரண்டு வகைகளை ஆறு ஃப்ரெட் தள்ளினால் அதே கார்டு திரும்பும், அவற்றுக்கு ஆறு ஆறு. மிச்சம் உள்ள 40 வகைகளுக்கும் முழுசாகப் பன்னிரண்டு. 480, 12, 3 கூட்டினால் 495, கணக்கு நேர். ஆக மொத்தம் 43 வகை. அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது, இனி வரப்போவதும் இல்லை.

இந்த 43ஐயும், அவற்றின் சுரங்களை நெருக்கியும் பரப்பியும் உட்கார வைக்கும் முறைகளை 14 குழுக்களாகவும் பிரித்து, கிரீன் ஒரு வரைபடமே போட்டு வைத்தார். 'வி-சிஸ்டம்' என்று அதற்குப் பெயர். முதல் குழு நெருக்கமாக அடுக்கியது, இரண்டாவது நாம் மேலே பார்த்த இறக்கிப் போட்டது. அப்புறம் இடைவெளி விரிந்துகொண்டே போகும். வேதியியலில் தனிம அட்டவணை செய்த வேலையை இது கிட்டாருக்குச் செய்கிறது என்று எனக்குத் தோன்றும். புத்தகத்துக்குக் கெமிஸ்ட்ரி என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

ஆனால் எண்ணிக்கை மட்டும் இசையாகாது. பரப்பி உட்கார வைப்பது ஏன் காதுக்கு இதமாக இருக்கிறது? பதில் காதுக்குள் இருக்கும் நத்தைச் சுருளில் இருக்கிறது. அதன் உள்ளே நீளும் சவ்வில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு இடம். இரண்டு ஒலிகள் அதிகம் நெருங்கினால் இரண்டும் சவ்வின் ஒரே பகுதியை ஆட்டுகின்றன, காதால் பிரித்தெடுக்க முடியாமல் கரகரப்பாகக் கேட்கிறது. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தப் பகுதியின் அகலம் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ். நெதர்லாந்தைச் சேர்ந்த பிளாம்ப், லெவெல்ட் இருவரும் 1965இல் காட்டியது: இந்த அகலத்தில் கால் பங்கு தள்ளி நிற்கும் இரண்டு சுரங்கள்தான் காதுக்கு மிகக் கரகரப்பானவை.

கிட்டாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். அதை ஸ என்று கொண்டால் அதன் க கிட்டத்தட்ட 104. வித்தியாசம் 21 ஹெர்ட்ஸ், சரியாக அந்தக் கெட்ட இடத்துக்குப் பக்கத்தில். சேர்த்து மீட்டினால் குழம்பிய சத்தம் வரும். இதே ஸ-க ஜோடியை முதல் கம்பி உயரத்தில் எடுங்கள்: 330, 415. வித்தியாசம் 86, கரகரப்பு ஏறக்குறைய போய்விடுகிறது. கீழேயே வேண்டுமென்றால் க-வை மட்டும் ஒரு ஸ்தாயி ஏற்றி 208இல் வையுங்கள், வித்தியாசம் 125 ஆகிவிடும், குழப்பம் தெளிந்துவிடும். (ஒவ்வொரு சுரத்தோடும் வரும் மேல்சுரங்களும் இந்தக் கணக்கில் சேரும், ஆனால் போக்கு இதுதான்.) கிரீன் தம் ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரை வழக்கமான சுருதிக்குக் கீழே இறக்கி வாசிக்கப் பிரியப்பட்டவர். சுருதி இறங்க இறங்க இந்தக் குழப்பம் கூடும். அவ்வளவு கீழே போயும் அவர் வாசிப்பு கலங்காமல் ஒலிப்பதற்கு, எதை எங்கே பரப்பி வைப்பது என்ற அந்தக் கணக்கு பெரிய காரணம்.

நான்கு விரலால் எல்லாச் சுரத்தையும் பிடிக்க முடியாது, எதையாவது விட வேண்டும். கிரீன் கார்டின் ஆதார சுரத்தையே பல இடங்களில் விட்டுவிடுவார். அடித்தளத்தை எடுத்தால் வீடு நிற்குமா? காதில் நிற்கும். கைபேசியின் சின்ன ஸ்பீக்கர் 82 ஹெர்ட்ஸைச் சரியாக எழுப்புவதில்லை. ஆனாலும் ஆறாவது கம்பியின் சுரம் நமக்குக் கேட்கிறது. 165, 247, 330 என்று மேல்சுரங்கள் வருவதை வைத்து, கீழே 82 இருக்க வேண்டும் என்று மூளை தானே ஊகித்துக்கொள்கிறது. ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் டெர்ஹார்ட் 1970களில் இந்த ஊகத்தைக் கார்டுக்கும் நீட்டினார்: மேலே உள்ள சுரங்களின் அமைப்பிலிருந்தே மூளை ஆதார சுரத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது என்பது அவர் கொள்கை. கூடவே, முன்னால் என்ன கார்டு போனது என்ற ஞாபகமும் கை கொடுக்கிறது. வாசிப்பவர் சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் சேர்த்துக்கொள்கிறார்.

இனி ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. எனக்கு இதுதான் ருசியான இடம். ஜாஸில் அடிக்கடி வரும் மூன்று கார்டுகள்: ரி ம த ஸ, ப நி ரி ம, ஸ க ப நி. தனித்தனியாகப் பார்த்தால் மூன்று தாவல்கள். ஆனால் நடுவில் உள்ளதை ரி ம ப நி என்று மாற்றி அடுக்கிப் பாருங்கள். முதல் கார்டின் ரி-யும் ம-வும் அசையவே இல்லை. த இறங்கி ப ஆகிறது, ஸ இறங்கி நி ஆகிறது. அடுத்த நடையில் ப-வும் நி-யும் நிற்க, ம இறங்கி க, ரி இறங்கி ஸ. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் நிற்க, இரண்டு பேர் ஒரு படி இறங்குகிறார்கள். கேட்பவருக்கு நான்கு பாடகர்கள் தத்தம் வழியில் நடப்பது போல இருக்கும்.

இதில் இன்னொரு வேலை உண்டு. நடுக் கார்டின் ஏக்கத்தைத் தாங்குவது நி3-உம் ம1-உம்தான். (எண், அந்தச் சுரத்தின் எத்தனையாவது வகை என்று காட்டும். ரி1, த1 என்றால் ரி2, த2-ஐ விட ஒரு அரைச்சுரம் கீழே.) இரண்டுக்கும் நடுவில் ஆறு அரைச்சுரம், ஸ்தாயியில் சரிபாதி. மற்ற இடைவெளிகளைத் தலைகீழாக்கினால் ஐந்து ஏழாகும், நான்கு எட்டாகும். ஆறு மட்டும் ஆறாகவே இருக்கும். ஆகையால் இந்த ஒரே ஜோடி இரண்டு கார்டுகளுக்குச் சொந்தம். ப-வை ஆதாரமாகக் கொண்டது ஒன்று, ரி1-ஐ ஆதாரமாகக் கொண்டது மற்றொன்று. ப நி ரி ம இருந்த இடத்தில் ரி1 ம த1 நி என்று மாற்றிப் போட்டால், த2 - த1 - ப என்றும் ரி2 - ரி1 - ஸ என்றும் இரண்டு குரல்கள் அரை அரையாக வழுக்கி இறங்கும். விரல் ஒரு ஃப்ரெட் நகர்ந்தது, அவ்வளவுதான். காதுக்கோ விளக்கு மங்கி மறுபடி எரிந்த மாதிரி.

இதெல்லாம் ஜாஸ்காரர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். கிரீன் அந்த நான்கு குரல்களையும் தனித்தனியே கேட்க வைத்தார். சும்மா ஒரு ஜாஸ் மெட்டை எடுத்து, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் பாணியில், குரல்கள் ஒன்றையொன்று துரத்த, அந்த நிமிடத்திலேயே கட்டி வாசிப்பார். அவர் விரல் படங்களில் இதற்கு ஒரு துப்பு இருக்கிறது. முதலில் புள்ளியிட்ட சுரங்களை வாசி, பிறகு பெருக்கல் குறி, பிறகு சதுரம் என்று ஒரே கட்டத்துக்குள் காலத்தையும் எழுதி வைத்தார். ஒரே கணத்தில் தொடங்கும் ஒலிகளைக் காது ஒரே பொருள் என்று ஒட்டிவிடும். சில பத்து மில்லிசெகண்ட் தள்ளித் தொடங்கினாலே போதும், இரண்டு பேர் என்று பிரித்துக்கொள்ளும். பிடித்த கார்டை விடாமல் ஒரு விரலை மட்டும் சற்றுத் தாமதமாக நகர்த்துவது ஒரு கிட்டாரை இரண்டாக்கும்.

கடைசியாக, முதலில் சொன்ன அந்த நெருக்கச் சுரத் தண்டனைக்கு ஒரு தப்பு வழி. செட் அட்கின்ஸ், லென்னி ப்ரோ ஆகிய கிட்டார் கலைஞர்கள் புகழ் சேர்த்த 'ஹார்ப் ஹார்மோனிக்ஸ்', கிரீனும் ஆசையாகக் கையாண்டது. கம்பி அதிரும்போது முழுசாகவும், இரண்டு பாதியாகவும், மூன்று பங்காகவும், இப்படிப் பல விதமாக ஒரே நேரத்தில் ஆடுகிறது. நட்டநடுவில், அதாவது 12வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே, வலது ஆட்காட்டி விரல் நுனியால் லேசாகத் தொட்டுக்கொண்டு கட்டைவிரலால் மீட்டினால், நடுப்புள்ளி அசைய வேண்டிய ஆட்டங்கள் எல்லாம் செத்துவிடும். நடுப்புள்ளி அசையாத ஆட்டங்கள் மட்டும் பிழைக்கும். சுரம் ஒரு ஸ்தாயி மேலே, சின்ன மணி மாதிரி.

வீட்டில் கிட்டார் இருந்தால் இடது கையை எடுத்துவிட்டே செய்து பார்க்கலாம். ஆறாவது கம்பியை இப்படித் தொட்டு மீட்டுங்கள், உடனே மூன்றாவது கம்பியைத் தொடாமல் மோதிர விரலால் மீட்டுங்கள். அடுத்து ஐந்தாவதைத் தொட்டு, இரண்டாவதைத் தொடாமல். பிறகு நான்காவதைத் தொட்டு, முதலாவதைத் தொடாமல். எங்கோ கீழே கிடந்த தடித்த கம்பிகள் ஒரு ஸ்தாயி ஏறி, மெல்லிய கம்பிகளின் நடுவே நடுவே வந்து நின்றுகொள்கின்றன. மூன்றாவது கம்பியை ஸ என்று வைத்தால் வரிசை இப்படி வரும்: த ஸ ரி க ப த. மோகனம். ஒவ்வொரு சுரமும் வேறு வேறு கம்பியில் என்பதால் எதுவும் அடுத்ததை வெட்டுவதில்லை, ஆறும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைந்து நிற்கும். இடது கையால் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியிலும் பிடித்த இடத்திலிருந்து 12 ஃப்ரெட் தள்ளித் தொட்டால், வரிசை அந்தக் கார்டின் நிறத்துக்கு மாறும். தொடும் விரல் ஒரு நூலிழை விலகினாலும் மணிக்குப் பதில் டொக்கென்று ஒரு சத்தம்தான் வரும். எனக்கு இன்னும் ஆறில் நான்குதான் மணியாக ஒலிக்கிறது.