பன்றிக் காய்ச்சல்: முதல் இரண்டு நாட்கள் ஏன் முக்கியம்?

2009 ஏப்ரல் கடைசியில் எகிப்து அரசு ஓர் உத்தரவு போட்டது: நாட்டிலுள்ள பன்றிகளை எல்லாம் கொன்றுவிட வேண்டும். ஏறத்தாழ மூன்று லட்சம் பன்றிகள். அப்போது எகிப்தில் ஒருவருக்குக்கூடப் பன்றிக் காய்ச்சல் உறுதியாகியிருக்கவில்லை. அவற்றை வளர்த்தவர்கள் கெய்ரோவில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் ஏழை மக்கள். உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்டுப் பிழைத்தவர்கள். பன்றிகள் போனபின் கழிவு தெருக்களில் குவிந்தது. காய்ச்சலோ ஜூன் மாதம் விமானத்தில் வந்த பயணி ஒருவருடன் வந்து சேர்ந்தது.

அந்த ஏழைகளின் பிழைப்பைப் பறித்தது நோய் அல்ல, நோயைப் பற்றிய தவறான புரிதல். நன்றாக வெந்த பன்றி இறைச்சியால் இந்தக் காய்ச்சல் வராது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவத் தொடங்கிய பிறகு இதில் பன்றிக்குப் பங்கு ஏதும் இல்லை. பன்றியின் பங்கு அதற்கு முன்பே முடிந்திருந்தது.

பன்றிக் காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) வைரஸின் மரபுப்பொருள் ஒரே நீளச் சரடாக இருப்பதில்லை. எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. பன்றியின் மூச்சுக்குழாய்ச் செல்களில் மனித வைரஸும் ஒட்டிக்கொள்ள முடியும், பறவை வைரஸும் ஒட்டிக்கொள்ள முடியும். ஒரே செல்லுக்குள் இரண்டு வகை வைரஸ்கள் பெருகினால், கல்யாண வீட்டில் இரண்டு குடும்பத்துப் பாத்திரங்கள் கலந்துவிடுவது போல, துண்டுகள் கலந்துபோகும். வெளியே வரும் புதிய வைரஸில் இதிலிருந்து சில துண்டுகள், அதிலிருந்து சில துண்டுகள். எச்1என்1 வகையைச் சேர்ந்த 2009 வைரஸில் வட அமெரிக்கப் பன்றி, ஐரோப்பிய ஆசியப் பன்றி, பறவை, மனிதன் என நான்கு வழிவந்த துண்டுகள் இருந்தன. ஏப்ரலில் கலிபோர்னியாவில் இரண்டு குழந்தைகளிடம் இது முதலில் அடையாளம் காணப்பட்டது. மெக்சிகோவில் அதற்கு முன்பே பரவிக்கொண்டிருந்தது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதை உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் புனேயில் 14 வயது மாணவி ஒருவர் இறந்தார். அதுதான் இந்தியாவின் முதல் பலி.

சாதாரண ஃப்ளூ முதியவர்களையே அதிகம் பலிகொள்ளும். இது இளையவர்களையும் நடுவயதினரையும் கொன்றது. 1918 ஃப்ளூ பெருந்தொற்றின் வழிவந்த எச்1என்1 வைரஸ்கள் 1957 வரை மனிதரிடையே சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்த பலரின் உடலில், புதிய வைரஸையும் ஓரளவு அடையாளம் காணும் எதிர்ப்புப் பொருள் மிச்சமிருந்தது. பேரனுக்கு இல்லாத காப்பு தாத்தாவிடம் இருந்தது.

இனி மருந்துக்கு வருவோம். எச்1என்1 என்ற பெயரிலேயே வைரஸின் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்கள் இருக்கின்றன. ‘எச்’ என்பது ஹீமக்ளூட்டினின். இது நம் செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகிறது. உள்ளே பெருகிய புதிய வைரஸ்கள் வெளியேறும்போது ஒரு சிக்கல்: எந்தச் சர்க்கரையைப் பற்றி உள்ளே வந்தனவோ அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிணைப்பை வெட்டிவிடுவதுதான் ‘என்’ எனப்படும் நியூராமினிடேஸின் வேலை. டாமிஃப்ளூ என்ற பெயரில் நாம் அறிந்த ஒசெல்டாமிவிர், இந்த வெட்டும் இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. பிறந்த வைரஸ்கள் பிறந்த செல்லிலேயே சிக்கி நிற்கின்றன. அடுத்த செல்லுக்குப் போக முடிவதில்லை.

இந்த மருந்து வைரஸைக் கொல்வதில்லை, பரவலைத்தான் தடுக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அறிகுறி தொடங்கி ஓரிரு நாட்களிலேயே உடலில் வைரஸின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. எல்லாச் செல்களுக்கும் பரவி முடிந்த பிறகு கதவை அடைத்துப் பயன் குறைவு. முதல் 48 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. தாமதமாகிவிட்டால் பயனே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு, நாள் கடந்திருந்தாலும் மருந்து கொடுக்கிறார்கள்.

எல்லோருக்கும் இந்த மாத்திரை தேவையா? தேவையில்லை. இந்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டல் நோயாளிகளை ‘ஏ’, ‘பி’, ‘சி’ என மூன்றாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி மட்டும் இருந்தால் பரிசோதனையும் வேண்டாம், ஒசெல்டாமிவிரும் வேண்டாம். வீட்டில் தனித்திருந்து ஓய்வெடுத்தால் போதும். கடுமையான காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தாலோ, லேசான அறிகுறியே ஆனாலும் அந்த நபர் கர்ப்பிணி, சிறு குழந்தை, முதியவர், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர் என்றாலோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்கப்படும். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, அரைமயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்தல், குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. “நாளைக்குப் பார்க்கலாம்” என்ற ஒரு சொல் இந்த நோயில் எத்தனை உயிரை வாங்கியிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. வைரஸை அது தொடாது. ஆனால் காய்ச்சல் தணிந்து, ஓரிரு நாள் கழித்து மீண்டும் ஏறி, மஞ்சள் சளியும் நெஞ்சு வலியும் வந்தால், புண்பட்ட நுரையீரலில் பாக்டீரியா குடியேறியிருக்கலாம். ஆன்டிபயாடிக்குக்கு வேலை வருவது அப்போதுதான், அதுவும் மருத்துவர் எழுதிக்கொடுத்து. குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் காய்ச்சலைத் தணிக்க ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரக்கூடும். பாராசிட்டமால் போதும்.

பரவலைப் பொறுத்தவரை, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே நோயாளி வைரஸை வெளியிடத் தொடங்குகிறார். பிறகு ஏறத்தாழ ஒரு வாரம் வரை தொடர்கிறார். எனவே காய்ச்சல் விட்டு ஒரு நாளாவது கழியும்வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். முகக்கவசம், சோப்பு போட்டுக் கைகழுவுதல், ஜன்னலைத் திறந்து வைத்தல் எல்லாம் கொரோனா கற்றுக்கொடுத்த பாடங்கள்தான். இங்கும் அவையே பயன்படும்.

பெருந்தொற்று முடிந்ததாக 2010 ஆகஸ்டில் அறிவித்தார்கள். வைரஸ் மட்டும் போகவில்லை. அது பருவகால ஃப்ளூவாக மாறி நம்முடனேயே தங்கிவிட்டது. 2015-இல் இந்தியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனால் இறந்தார்கள். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியிலேயே எச்1என்1 பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. வைரஸ் சிறிது சிறிதாக மாறிக்கொண்டிருப்பதால் ஊசியையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள். சென்ற ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்குப் போதாது. ஊசி பலன் தர இரண்டு வாரமாகும். டெல்லியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஃப்ளூ உச்சமடைகிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் தலைதூக்குகிறது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மழை பிடிக்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2009-இல் அமெரிக்காவில் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒரு சதவீதமாக இருந்த அவர்கள், இறந்தவர்களில் ஐந்து சதவீதமாக இருந்தார்கள். வளரும் கருப்பை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. நோயெதிர்ப்பு மண்டலமும் கருவுக்காகத் தன் போக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. “கர்ப்பத்தில் மாத்திரை வேண்டாம்” என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது அன்பினால்தான். ஆனால் இங்கே ஆபத்து மாத்திரையில் இல்லை, நோயில் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஒசெல்டாமிவிர் பரிந்துரைக்கப்படுகிறது. செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன தடுப்பூசியையும் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. தாய் போட்டுக்கொண்ட ஊசியால் உண்டான எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்று அந்த முதல் மாதங்களில் குழந்தையைக் காக்கிறது.