ஒரே முகவரி, மூன்று வடிவம்: வேரி ஹெட்டரை மறக்காதீர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு மொத்தக்கடைக்கு இருப்புப் பட்டியல் சேவை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கடை ஊழியரின் மொபைல் ஆப்புக்குத் தரவு ஜேசான் வடிவத்தில் வேண்டும். கணக்கர் கணக்கு மென்பொருளான டேலிக்குள் இறக்க எக்ஸ்எம்எல் கேட்பார். முதலாளிக்கு எக்செலில் திறக்க சிஎஸ்வி. டிசைன், எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி எல்லாம் மூன்றுக்கும் ஒன்றுதான். ஆனாலும் பலர் மூன்று தனி முகவரி (யூஆர்எல்) எழுதிவிடுகிறார்கள். பிறகு சேதாரக் கணக்கை ஒன்றில் திருத்தி மற்ற இரண்டில் விட்டுவிட்டால், ஒரே கொலுசுக்கு மூன்று விலை வரும்.

இதற்கு, இணையத்தில் கோரிக்கையும் பதிலும் போய்வரும் விதிமுறையான எச்டிடிபியிலேயே வழி உண்டு. முகவரி ஒன்று, எந்த வடிவம் வேண்டும் என்பதைக் கேட்பவர் கோரிக்கையோடு போகும் குறிப்பு வரியான அக்செப்ட் ஹெட்டரில் சொல்வார். 'அப்ளிகேஷன்/ஜேசான், டெக்ஸ்ட்/சிஎஸ்வி;கியூ=0.5' என்று வந்தால், ஜேசான் முதல் விருப்பம், கிடைக்காவிட்டால் சிஎஸ்வியும் பரவாயில்லை என்று பொருள். கியூ எழுதாவிட்டால் மதிப்பு 1. கியூ=0 என்றால் வேண்டவே வேண்டாம். விருப்பத்தைத் தீர்மானிப்பது கியூதான், எழுதிய வரிசை அல்ல. ஹெட்டருக்குள் 'ஜேசான்' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் தேடும் நிரல், 'ஜேசான்;கியூ=0' வந்தாலும் ஜேசானையே அனுப்பும். இதை நீங்களே எழுத வேண்டாம், நீங்கள் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க்கிடம் (ஆயத்த நிரல் கட்டமைப்பிடம்) விட்டுவிடுங்கள்.

பிரவுசரில் சோதிப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. பிரவுசர்கள் எச்டிஎம்எல்லை முதலில் கேட்டு, எக்ஸ்எம்எல்லுக்கு 0.9, மற்ற எல்லாவற்றுக்கும் 0.8 என்று அனுப்பும். உங்கள் சேவையில் ஜேசானும் எக்ஸ்எம்எல்லும் இருந்தால், பிரவுசரில் வருவது எக்ஸ்எம்எல்தான். ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டில் ஜாக்சனின் எக்ஸ்எம்எல் நூலகத்தைச் சேர்த்த மறுநாள் 'நேற்று ஜேசான் வந்ததே' என்று தேடுவது இதனால்தான். நிரலில் பிழை இல்லை. கட்டளை வரிக் கருவியான கர்ல் கொண்டு, அக்செப்ட்டை வெளிப்படையாகக் கொடுத்துச் சோதியுங்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் அடிபடுவது, பதில் எந்தக் கோரிக்கை ஹெட்டரைப் பொறுத்து மாறும் என்று சர்வர் சொல்லும் வேரி ஹெட்டர் விஷயத்தில்தான். சர்வருக்கு முன்னால் பதிலின் நகலை வைத்துக்கொள்ளும் கேச் ஒன்று இருக்கும். காலையில் ஆப் கேட்கிறது. ஜேசான் பதில் கேச்சில் தங்குகிறது. ஐந்து நிமிடத்தில் கணக்கர் அதே முகவரியில் எக்ஸ்எம்எல் கேட்கிறார். கேச்சுக்கு முகவரி மட்டுமே தெரியும், எடுத்து நீட்டுவது ஜேசானை. டேலியில் இறக்கும்போது பிழை வருகிறது. கோரிக்கை சர்வரை எட்டவே இல்லை, அதனால் லாகில் ஒரு தடயமும் இருக்காது. டெவலப்பரின் கணினியில் கேச் இல்லாததால் அங்கே எல்லாம் சரியாக ஓடும். 'வேரி: அக்செப்ட்' என்று அனுப்பினால், விதிப்படி நடக்கும் கேச் ஒவ்வொரு வடிவத்தையும் பிரித்து வைக்கும். எக்ஸ்எம்எல் பதிலில் மட்டும் அனுப்பினால் போதாது. அக்செப்ட்டே இல்லாமல் கேட்டவருக்குப் போகும் இயல்புப் பதில் உட்பட எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். பதிலின் பதிப்பு அடையாளமான இ-டேக் கொடுத்தால் அதுவும் வடிவத்துக்கு வடிவம் மாற வேண்டும்.

அவசரத்தில் 'வேரி: *' என்று போடாதீர்கள், கேச் இருந்தும் பயனில்லாமல் போகும். ஏற்காட்டில் சிக்னல் வந்து வந்து போகும் எஸ்டேட்டில் நின்று, காபிப் பழ எடைக் கணக்கைப் பார்ப்பவருக்கு அந்த கேச்சும் ஜிசிப் சுருக்கமும்தான் கைகொடுக்கும். சுருக்கி அனுப்பினால் வேரியில் 'அக்செப்ட்-என்கோடிங்'கும் சேர வேண்டும்.

கேட்ட வடிவம் எதுவுமே நம்மிடம் இல்லை என்றால்? 'ஏற்கத்தக்க வடிவம் இல்லை' என்னும் 406 நிலைக் குறியீட்டை அனுப்பலாம், இயல்பு வடிவத்தையும் அனுப்பலாம். விதி இரண்டையும் அனுமதிக்கிறது. மென்பொருள் பேசும் சேவைக்கு 406 அனுப்பி, உள்ள வடிவங்களைப் பதிலிலேயே எழுதுவதுதான் நல்லது. இல்லாவிட்டால் எதிர்முனை எதிர்பாராத வடிவத்தைப் படிக்க முயன்று வேறெங்கோ உடையும். 415 வேறு: அது கேட்பவர் நமக்கு அனுப்பிய தரவின் வடிவம் பற்றியது.

சிஎஸ்வியில் தமிழ் டிசைன் பெயர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பதிலின் வடிவத்தைச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெட்டரில் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று சொன்னாலும், கோப்பாகச் சேமித்தவுடன் அந்தத் தகவல் போய்விடும். இரட்டைக் கிளிக்கில் எக்செல் திறக்கும்போது 'முத்துக் கொலுசு' புரியாத குறிகளாகிவிடும். கோப்பின் தொடக்கத்தில் ஈஎஃப், பிபி, பிஎஃப் என்ற மூன்று பைட் பாம் குறியை (எழுத்துக் குறியாக்கத்தைக் காட்டும் அடையாளம்) சேருங்கள். ஜேசானில் அதைச் சேர்க்கக் கூடாது, விதியே தடுக்கிறது. முதலாளி அழுத்தும் பதிவிறக்க இணைப்பால் அக்செப்ட் ஹெட்டரை மாற்றவும் முடியாது. அதற்கு மட்டும் முகவரியின் முடிவில் '?ஃபார்மட்=சிஎஸ்வி' போன்ற வழி வைப்பது தவறில்லை.

வெளியிடும் முன், லோக்கல்ஹோஸ்ட்டில் (உங்கள் சொந்தக் கணினியில்) இல்லாமல் பொது முகவரியிலேயே ஜேசான், எக்ஸ்எம்எல், மீண்டும் ஜேசான் என்று சில விநாடி இடைவெளியில் கேளுங்கள். கேட்ட வடிவமும் வந்த கன்டென்ட்-டைப்பும் மூன்று முறையும் பொருந்துகிறதா, வேரி மூன்றிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.