மேடைக்குத் திரும்பியவர்களின் காதுகள்

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அறுபது வயதை எட்டிய ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் உப்புவெளியிலிருந்து எனது பரிசோதனை அறைக்கு வந்தார். செவிப்புலனியலாளரிடம் வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் முறைப்பாடு அவரிடம் இருக்கவில்லை. "மிஸ், எங்கட பழைய பான்ட் திரும்பச் சேருது. பிராக்டிஸில என்ர கிற்றார் ஊசி மாதிரிக் குத்துதெண்டு எல்லாரும் சொல்லுறாங்கள். எனக்கெண்டா அது சரியாத்தான் கேக்குது" என்றார். அவர் அனுமதியுடன்தான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

1980களில் திருகோணமலையில் கலியாண வீடுகளிலும் களியாட்ட விழாக்களிலும் பைலாவும் ஆங்கில ரொக் பாடல்களும் வாசித்த நால்வரில் அவரும் ஒருவர். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது ஊர் கலைந்ததைப் போலவே அந்தக் குழுவும் கலைந்தது. ஒருவர் ரொறன்ரோவுக்கும் இன்னொருவர் இலண்டனுக்கும் போனார்கள். இப்போது, பாடசாலைப் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்காக நால்வரும் மீண்டும் ஒரே மேடையில் ஏறவிருந்தார்கள். அவர் தனது தொலைபேசியில் வைத்திருந்த ஒத்திகைக் காணொளியில் அம்பிளிபயரில் உயர்ந்த சுருதி ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழ், பத்தில் ஒன்பதைத் தாண்டி நின்றது.

ஒவ்வொரு சுருதியிலும் காது எவ்வளவு கேட்கிறது என்பதைக் காட்டும் ஓடியோகிராம் வரைபடம் எடுத்துப் பார்த்தேன். அதில் கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு என்று அர்த்தம். தாழ்ந்த சுருதி ஒலிகளிலும் 2000 ஹேர்ட்ஸ் வரையிலும் அவரது கேட்கும் திறன் இயல்பாகவே இருந்தது. 4000 ஹேர்ட்ஸில் கோடு 55 டெசிபலுக்குக் குழியாக இறங்கி, 8000இல் மீண்டும் ஓரளவு மேலே ஏறியது. பெருஞ்சத்தத்தில் பல ஆண்டுகள் இருந்த காதுகளில் நாங்கள் அடிக்கடி காணும் குழி இது. இடது காதில் அது இன்னும் ஆழமாக இருந்தது. மேடையில் அவரது இடப்பக்கத்தில் யார் நிற்பார் என்று கேட்டபோது, ட்ரம்ஸ் வாசிப்பவரும் அவரது சிம்பல் என்ற உலோகத் தட்டும் என்றார்.

கிற்றாரின் ஒலியில் பளிச்சென்று தெறிக்கும் பகுதி அந்தக் குழி விழுந்த இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அது தனக்குக் கேட்காதபடியால் ட்ரெபிள் குமிழைத் திருப்பிக்கொண்டே போயிருக்கிறார். அவருக்குச் சரியாகக் கேட்கும் இடத்துக்குக் குமிழ் வரும்போது, கூட நிற்பவர்கள் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பேத்தி பேசுவது தெளிவில்லாமல் இருப்பதையும், "வாயை மூடிக்கொண்டு பேசாதே" என்று அவளைக் கடிந்துகொண்டதையும் பிறகுதான் சொன்னார். குழந்தைகளின் குரலில் வரும் ச, ஸ போன்ற மென்மையான உராய்வு ஒலிகளும் அந்த உயர்ந்த அதிர்வெண்களைத்தான் நம்பியிருக்கின்றன.

உலகப் புகழ்பெற்ற பழைய ரொக் குழுக்கள் மீண்டும் ஒன்றுசேரும் காலம் இது. 2009இல் பிரிந்த ஒயாசிஸ் குழு 2025 ஜூலையில் கார்டிஃபில் மேடையேறியது. அதற்கு மறுநாள், ஜூலை 5ஆம் திகதி, பிளாக் சபாத் குழுவின் ஆரம்ப உறுப்பினர்கள் நால்வரும் தமது சொந்த ஊரான பர்மிங்ஹாமில் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள்; பாடகர் ஓசி ஒஸ்போர்ன் அந்த மாதமே காலமானார். இச்செய்திகளை எல்லாரும் படித்திருப்பார்கள். எனது தொழிலில் இருப்பவர்கள் கூர்ந்து கவனித்த மீள்வருகை வேறொன்று, ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜோன்சனுடையது. மேடையில் தொடர்ந்தால் முற்றாகவே காது கேளாமல் போகும் அபாயம் இருப்பதாக மருத்துவர்கள் எச்சரித்ததனால் 2016 மார்ச்சில் அவர் சுற்றுப்பயணத்தின் நடுவில் விலகினார், எஞ்சிய நிகழ்ச்சிகளை அக்ஸல் ரோஸ் பாடி முடித்தார். காதுக்குள் பொருத்தும் புதியவகைக் கருவியின் துணையுடன் ஜோன்சன் மீண்டும் பாடத் தொடங்கி, 2020இல் குழுவின் புதிய இசைத்தொகுப்பிலும் 2023 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் இண்டியோவில் நடந்த விழா மேடையிலும் தோன்றினார்.

அவருடைய கதையை எனது நோயாளருக்குச் சொன்னபோது, அதில் ஒரு பகுதியை அழுத்திச் சொன்னேன். தனது காதைக் கெடுத்ததில் மேடைக்கு மட்டுமல்ல, காதடைப்பான் போடாமல் ஓட்டிய பந்தயக் காருக்கும் பெரிய பங்கு உண்டு என்று ஜோன்சனே கூறியிருக்கிறார். சத்தம் எங்கிருந்து வந்தாலும் காதுக்கு ஒரே கணக்குத்தான். இரவில் மேடையில் வாசித்துவிட்டு விடியற்காலையில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகில் கடலுக்குப் போகிறவரின் காதும், அரிசி ஆலையில் பகலெல்லாம் நின்றுவிட்டு மாலையில் ஹெட்செற்றை மாட்டுகிறவரின் காதும் இரண்டையும் கூட்டித்தான் தாங்குகின்றன.

அந்தக் கூட்டல் எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதி அச்சமும் பாதி அலட்சியமும் போய்விடும். தொழிலிடங்களுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம். டெசிபல் அளவு ஒவ்வொரு மூன்று கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். ஆகவே பாதுகாப்பான நேரம் பாதியாகும். 88இல் 4 மணித்தியாலம், 91இல் 2, 94இல் 1, இப்படியே இறங்கினால் 100 டெசிபலில் 15 நிமிடந்தான் மிஞ்சும். மூன்று மணித்தியாலம் நீளும் இசை நிகழ்ச்சியில் முன்வரிசையில் நிற்கும் பிள்ளை, முதல் மூன்று நான்கு பாட்டுகளுக்குள்ளேயே அன்றைய பங்கைச் செலவழித்துவிடுகிறது.

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் சுருளுறுப்பில், ஒலியைக் கூர்மையாக்கும் வெளி மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 12,000 உள்ளன. இறந்த மயிர்க்கலம் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும்போது காது அடைத்தது போலிருப்பதும், உள்ளே 'ங்ங்' என்று இரைவதும் அக்கலங்கள் களைத்துப் போனதன் அடையாளங்கள். மறுநாள் காலையில் அது சரியாகிவிட்டால் பிழையொன்றுமில்லை என்றுதான் நாங்களும் முன்பு நம்பியிருந்தோம். ஆனால் அமெரிக்காவின் பொஸ்டனில் எலிகளை வைத்து நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பின்னரும் மயிர்க்கலங்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாக அழிந்திருந்ததைக் காட்டியது. ஓடியோகிராம் நன்றாக இருந்தும், சந்தையிலோ விருந்திலோ நாலுபேர் ஒன்றாகப் பேசும்போது ஒன்றும் பிடிபடவில்லை என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

ரொக் இசை செத்துவிட்டதா என்ற விவாதம் எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமே. அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசைவகை என்ற இடத்தை அது 2017இல் ஹிப்ஹொப்பிடமும் ஆர் அன்ட் பீயிடமும் இழந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தொலைபேசிகளிலும் அதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஆனால் ரொக் போன பின்னரும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டிகள் போகவில்லை. 1965 அளவில் த ஹூ என்ற ஆங்கில ரொக் குழு கேட்டதற்காக அம்பிளிபயர் தயாரிப்பாளர் ஜிம் மார்ஷல் 100 வோட் அம்பிளிபயரைச் செய்து கொடுத்தார். இங்கிலாந்தின் சார்ல்டன் மைதானத்தில் 1976 மே 31இல் அதே குழு எழுப்பிய சத்தம், உலகிலேயே மிகப் பெரும் சத்தத்துடன் நடந்த இசை நிகழ்ச்சி என்று கின்னஸ் நூலில் ஏறியது. அந்தப் போட்டி காதுகளைக் கெடுக்கும் என்பதனால் கின்னஸ் பின்னர் அந்தப் பிரிவையே கைவிட்டது. போட்டி மட்டும் கைவிடப்படவில்லை என்பதை, அடுக்கிய பெட்டிகளுக்கு முன்னால் பிள்ளைகள் ஆடும் எந்தத் திருவிழா இரவிலும் பார்க்கலாம்.

அப்படியொரு திருவிழாவில் (கோயிலின் பெயர் இங்கே வேண்டாம்) ஒலிபெருக்கிப் புனலுக்கு நேர் கீழே சவுண்ட்ஸ்காரரின் உதவியாளனான பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். எனது ஒலிமானி நூறு டெசிபலைத் தாண்டிக் காட்டியது. அவனோ அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்திருந்தான். தம்பி, காது இரையுதா என்று கேட்டதற்கு, "அது எப்பவும் இரையும் அக்கா" என்றான். தலைவலியைப் பற்றிச் சொல்லும் சலிப்புக்கூட அவன் குரலில் இருக்கவில்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்த உச்ச நீதிமன்றம் 2007இல் வழங்கிய கட்டளை, ஊராரின் நித்திரையைக் காக்கும். மாலை ஆறு மணிக்குப் பெட்டியருகே இருக்கும் அந்தப் பையனின் காதை அது காக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் இசை அரங்குகளுக்கென ஒரு நியமத்தை வெளியிட்டது. ஒலி சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஒலியளவை நிகழ்ச்சி முழுவதும் கண்காணிக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், ஆறியிருக்க அமைதியான ஓரிடம் இருக்க வேண்டும் என்பன அதன் முக்கியமான விதிகள். பருவகாலத்தில் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு இவற்றுள் கடைசி இரண்டும் பெரிய செலவல்ல.

பஞ்சை நம்பாதீர்கள். காதில் பஞ்சு வைப்பது சத்தத்தை மிகச் சிறிதளவே குறைக்கிறது. தேங்காயெண்ணெயில் நனைத்து வைத்தால் அதற்கு மேல் வேறு தொல்லைகளும் வரும். நுரையாலான காதடைப்பானை விரல்களால் மெல்லிய குச்சி போல உருட்டி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். அரைகுறையாக வைத்துவிட்டு "இது வேலை செய்யாது" என்று கழற்றிப் போடுகிறவர்களே அதிகம். நுரை அடைப்பான் உயர்ந்த ஒலிகளைக் கூடுதலாக வெட்டுவதால் இசை மங்கிக் கேட்கும்; எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞருக்கான வடிகட்டி அடைப்பான்கள் உண்டு, வாசிப்பவர்களுக்கு அவையே ஏற்றவை. அடைப்பான் இல்லாதவர் தள்ளி நிற்கலாம். திறந்த வெளியில் பெட்டியிலிருந்து இருக்கும் தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். இரண்டு மீற்றரில் நின்றவர் எட்டு மீற்றருக்குப் போனால் 12 டெசிபல், அதாவது பதினாறு மடங்கு நேரம் கிடைக்கிறது.

இரைச்சல் ஓரிரு நாட்களில் அடங்காவிட்டால் பரிசோதனைக்கு வாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். அதற்கான சிகிச்சை நாட்கள் செல்லச் செல்லப் பலன் குறைந்துபோகும். காதுக் குறும்பி அடைத்திருக்கும் என்று நினைத்து இரண்டு வாரம் எண்ணெய் விட்டுவிட்டு வந்தவர்களிடம் சொல்ல என்னிடம் அதிகம் இருந்ததில்லை.

கிற்றார்காரருக்குக் கேட்கருவியின் தேவை பற்றியும் பேசினோம். பேத்திக்காகவாவது யோசிக்கிறேன் என்றார். மேடைக்கு வடிகட்டி அடைப்பான் எடுத்துக்கொண்டார். சிம்பல் அவரது வலப்பக்கம் வரும்படி நிற்கும் ஒழுங்கை மாற்றச் சொன்னேன். நாற்பது ஆண்டுப் பழக்கம் என்று ட்ரம்ஸ்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாராம். ட்ரெபிளின் அளவை அவரே தீர்மானிக்கக்கூடாது என்பதுதான் அவருக்கு மிகவும் கசந்தது. கடைசியில், நல்ல காதுள்ள மகள் ஒத்திகைக்குப் போய், மண்டபத்தின் நடுவில் நின்று கேட்டு, குமிழை ஐந்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, அந்த இடத்தில் வெள்ளை பிளாஸ்டர் துண்டொன்றை ஒட்டிவிட்டாள். நிகழ்ச்சிக்கு மறுநாள் அவர் அனுப்பிய படத்தில் நால்வரும் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். பின்னால் அம்பிளிபயரும் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், குமிழ் பிளாஸ்டரைத் தாண்டி ஆறில் நின்றது.