ஸ்டக்கோ கேரேஜ் கிட்: விரலை விட மூச்சைப் பாருங்கள்

கட்டட மாடல் செய்வது என் தொழில். மாடல் ரயில் லேஅவுட், அதாவது குட்டி ரயிலும் ஊரும் கொண்ட மாடல், வைத்திருப்பவர்கள் பாதியில் நின்றுபோன கிட்டுகளை (பாகங்களை இணைத்துச் செய்யும் மாடல் பெட்டிகளை) என்னிடம் கொண்டுவருவார்கள். அப்படி அடிக்கடி வருவது 1920, 30-களின் தெற்கு கலிஃபோர்னியா கேரேஜ். வெளிர்நிற ஸ்டக்கோ (சொரசொரப்பான சாந்து பூசிய) சுவர், தட்டைக் கூரை, முகப்பில் மட்டும் ஒரு வரிசை சிவப்பு ஓடு, வாசலில் பெட்ரோல் பம்ப். கொண்டுவருகிறவர்கள் கத்தியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். புது பிளேடு போட்டு, இரும்பு ஸ்கேலை ஒட்டி, அழுத்தாமல் நாலைந்து முறை இழுத்து வெட்டினால் கத்தியால் பெரிய ஆபத்தில்லை. மேஜையிலிருந்து கத்தி நழுவினால் மட்டும் பிடிக்கப் போகாதீர்கள். எனக்குக் கவலை தூசியும் ஆவியும்தான். இரண்டும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை, அதனால் யாரும் கேட்பதும் இல்லை.

இந்தக் கட்டட பாணி பரவியதற்கு 1915-ல் சான் டியேகோவில் தொடங்கிய பனாமா-கலிஃபோர்னியா கண்காட்சி ஒரு முக்கியக் காரணம். 1925 நிலநடுக்கத்துக்குப் பிறகு சான்டா பார்பரா நகரத்தின் மையப் பகுதியை அந்தப் பாணியில் திருப்பிக் கட்டினார்கள். மரச்சட்டத்தின் மேல் கம்பி வலை அடித்து, சிமென்ட், சுண்ணாம்பு, மணல் கலந்த சாந்தை மூன்று பூச்சாகப் பூசுவது அங்கே வழக்கம். மூன்றும் சேர்ந்து முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம், சுமார் 22 மி.மீ. கனம்.

இப்போது எச்.ஓ. என்ற மாடல் ரயில் அளவுக்கு வருவோம். 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அந்த 22 மி.மீ. பூச்சு மாடலில் கால் மி.மீ. ஆகிவிடும். நிஜச் சுவரில் 1 மி.மீ. மணல் துகள் இருந்தால் மாடலில் அது 11 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-ல் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேல்பூச்சின் பொடி மணல் என்றால் நாலைந்து மைக்ரான்தான் வரும். காற்று மாசைப் பற்றிப் பேசும்போது 10 மைக்ரான் துகள் என்று சொல்வார்களே, மூச்சோடு உள்ளே போகும் அளவு அதுதான். நாலைந்து மைக்ரான் துகள் நுரையீரலின் அடிவரைக்கும் போகும். ஆக, ஸ்டக்கோவின் சொரசொரப்பை அளவு தப்பாமல் செய்ய நினைத்தால், கண்ணுக்கே தெரியாத தூசியைத்தான் சுவரில் ஒட்ட வேண்டியிருக்கும். அது தேவையே இல்லை. மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரிவது மணல் அல்ல. பளபளப்பில்லாத, லேசாக மேடுபள்ளமான பரப்பு மட்டுமே.

ஆனால் என்னிடம் வரும் கிட்டுகளில் பார்ப்பது என்ன? டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட்டைப் பூசியிருப்பார்கள். ஒயிட் சிமென்டில் சலித்த மணலைக் கலந்து அப்பியிருப்பார்கள். 0.3 மி.மீ. மணல் துகளை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒரு அங்குல ஜல்லி! சுவர் கரடுமுரடாகத் தெரிகிறதே என்று அப்புறம் உப்புத்தாளை எடுத்து, உலர்ந்த நிலையிலேயே தேய்க்கிறார்கள். தொந்தரவு அங்கேதான் தொடங்குகிறது. மணலும் மணல் கலந்த கிரவுட்டும் தேயும்போது படிகச் சிலிக்கா தூசி பறக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. கல் உடைப்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயும் இதே தூசியால்தான். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 2016-ல் வைத்த வரம்பு, 8 மணி நேர சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம். ஒரே ஒரு கேரேஜைத் தேய்த்தால் நோய் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லேஅவுட் வைத்திருப்பவர் யாரும் ஒரு கேரேஜோடு நிறுத்துவதில்லை. தெருவே கட்டுவார். அதையும் பெரும்பாலும் படுக்கையறை மூலையில், குழந்தைகள் விளையாடும் தரைக்குப் பக்கத்தில் கட்டுவார்.

நான் செய்யும் முறை இதுதான். பிளாஸ்டிக் சுவரோ ஜிப்சம் வார்ப்போ, முதலில் பிரைமர். அப்புறம் மேட் அக்ரிலிக் பெயின்டைக் கொஞ்சம் கெட்டியாக எடுத்து, முடி விறைத்த பழைய பிரஷ்ஷின் நுனியால் குத்திக் குத்தி வைப்பேன். இன்னும் கொஞ்சம் மேடுபள்ளம் வேண்டுமென்றால், கலந்தே வரும் லேசான சுவர்ப் பட்டியில் பெயின்டையும் தண்ணீரையும் சேர்த்து ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பேன். எங்காவது தூக்கலாக இருந்தால் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை) நனைத்து மெதுவாகத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் துணியால் வழித்துவிடுவேன். காய்ந்தால் அதுவும் தூசிதான். வாயால் ஊதக் கூடாது, துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. வீட்டில் கிடக்கும் மிகப் பழைய அமெரிக்கப் பட்டி டப்பா யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். 1977-ல் தடை வரும்வரை அங்கே அவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நாரைக் கலப்பது சாதாரணம்.

லேசரில் வெட்டிய எம்.டி.எஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை) கிட் என்றால் தண்ணீர் ஆகாது, உப்பிவிடும். விளிம்புகளுக்கு முதலில் சீலர் அடியுங்கள். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போய், என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு தேயுங்கள். மரத்தூசியும் அதே புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கிறது. எம்.டி.எஃப் பலகையில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் சேர்ந்த பசை வேறு.

கேரேஜைச் சுற்றித் தரையும் குன்றும் அமைக்கப் பிளாஸ்டர் கலப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடாகும். நிறையக் கலந்தால் 60 டிகிரி வரை போகும். 2007-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஓவிய வகுப்பில் கை அச்சு எடுக்க பிளாஸ்டர் வாளிக்குள் கைவைத்த 16 வயது மாணவி ஒருவர் இரண்டு கைகளிலும் விரல்களை இழந்தார். சுவரில் பூசும் சிறிய அளவில் பயமில்லை, வாளிக்குள் கையை விட்டுக் கலக்குவதுதான் கூடாது. மிச்சத்தை சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும்.

அடுத்தது பசை. பிளாஸ்டிக் சுவர்களை இணைக்கும் தண்ணீர் போன்ற பசைகளில் சிலவற்றில் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் இருக்கும். மூச்சில் போன பிறகு உடல் அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். இதய நோயாளிகளுக்கு இது கூடுதல் ஆபத்து. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு அதை விற்கத் தடை விதிக்கும் விதி 2024-ல் வந்துவிட்டது. லேபிளைப் படியுங்கள், அந்தப் பெயர் இருந்தால் அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் வகைப் பசைக்கு மாறுங்கள். அதுவும் தீப்பிடிக்கும், அதற்கும் காற்றோட்டம் வேண்டும். என்-95 தூசியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. வாசம் குறைந்துவிட்டது என்பதை வைத்துப் பாதுகாப்பை எடைபோடாதீர்கள், மூக்கு பழகிவிடும். வீடுகளில் உள்ள ஸ்பிளிட் ஏ.சி. பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றவிடுகிறது. ஜன்னலைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும்படி ஃபேனை வையுங்கள். ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதாக இருந்தால் அந்த ஃபேனையும் நம்ப வேண்டாம். ஸ்ப்ரேயைத் தள்ளும் வாயு தீப்பிடிக்கக் கூடியது, சாதாரண மோட்டார் பொறியே போதும். வெட்டவெளியில் அடியுங்கள்.

சூப்பர் க்ளூ சிந்தினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தி பட்டதும் அது வேகமாக இறுகிச் சூடாகும். புகை வந்து தோல் வெந்துவிடும். பருத்திக் கையுறையும் வேண்டாம், நைட்ரைல் (ரப்பர் போன்ற) கையுறை போடுங்கள். விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள்.

பழைய கிட்டோடு வரும் உலோகப் பெட்ரோல் பம்புகளில் ஈயம் இருக்கலாம். அரம் போட்ட பிறகு கைகழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். மேஜையில் டீ டம்ளரே வேண்டாம்.

கடைசி வேலை அழுக்கேற்றுவது. ஜன்னல் அடியில் மழைநீர் வழிந்த கறை, கேரேஜ் கதவோரம் கிரீஸ் கறை. பலர் சாக் பேஸ்டலை (வண்ணச் சாக்குக்கட்டியை)ச் சுரண்டித் தூளாக்கி, மிச்சத்தை ஃபூ என்று ஊதுவார்கள். கீழே ஈரத்துணி விரித்து, கிட்டைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாகத் தட்டுங்கள். தூள் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். துணியைக் காயவிடாமல் அலசிவிடுங்கள்.