ஃபைட்டருக்கும் விசார்டுக்கும் நடுவுல இருக்குற 16வது ரவுண்டு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு, டேபிளச் சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி ஆடுற கதை விளையாட்டு ஒண்ணு இருக்கு. அதுல ஃபைட்டர்னா வாள் வீரர், விசார்ட்னா மந்திரவாதி, ஸ்பெல்னா அவர் போடுற மந்திரம். அதப் பத்தி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எங்க குரூப்ல விசார்ட் ஆடுறவன் ஒரே ஸ்பெல்லுல சண்டையையே முடிச்சுடறான், ஃபைட்டர் ஆடுறவ போனை நோண்டிட்டு உக்காந்திருக்கா. கத்தி டேமேஜை டபுள் பண்ணா சரியாகிடுமா?"

ஆகாது. நான் பண்ணிப் பாத்து பல்பு வாங்கினவன், அந்தக் கதை கடைசில.

பிரச்சனை பழசு. 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கொண்டு வந்தப்போ முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஸ்பெல்தான், அத போட்டுட்டா அப்புறம் ஓரமா ஒளிஞ்சுக்க வேண்டியதுதான். ரெண்டாவது லெவலுக்குப் போக ஃபைட்டருக்கு 2000 அனுபவ பாயின்ட் போதும், மந்திரவாதிக்கு 2500. இப்ப கஷ்டப்படு, பின்னாடி ராஜாவா இருன்னு ஒரு டீல். அந்த "பின்னாடி"லதான் கணக்கு எகிறுது: லெவல் ஏற ஏற ஸ்பெல் எண்ணிக்கையும் கூடுது, ஒவ்வொரு ஃபயர்பாலுக்கும் (கூட்டத்து மேல வெடிக்கிற நெருப்பு ஸ்பெல்) உருட்டுற டைஸும் கூடுது. ரெண்டும் சேந்து ஏறுனா அது கூட்டல் இல்ல, பெருக்கல். லெவல் டபுள் ஆனா பலம் கிட்டத்தட்ட நாலு மடங்கு, ஸ்கூல்ல வரைஞ்ச பரவளையம் ஞாபகம் இருக்கா, அதே. ஃபைட்டர் பாவம் நேர்கோட்டுலயே நடக்குறார். ஆடுறவங்க இதுக்கு வெச்ச பேரே "லீனியர் ஃபைட்டர், குவாட்ராடிக் விசார்ட்".

இது பல பேருக்குத் தெரிஞ்ச கதைதான். எனக்குப் பிடிச்ச விஷயம் வேற, அது தூக்கம்: செலவான ஸ்பெல் எல்லாம் தூங்கி எழுந்தாதான் திரும்ப வரும்.

2014ல வந்த அஞ்சாவது எடிஷன எடுத்துப்போம், ரெண்டு பேரும் அஞ்சாவது லெவல். ஃபைட்டர் கையில பெரிய வாள், ரெண்டு ஆறுமுக டைஸ் கூட 4, சராசரி 11. ஒரு ரவுண்டுக்கு ரெண்டு வெட்டு, நூத்துக்கு 65 தடவை படும்னு வெச்சுக்கிட்டா ரவுண்டுக்குச் சுமாரா 14. விசார்ட்கிட்ட ஃபயர்பால் போடுற ஸ்லாட், அதாவது ஸ்பெல் போடுற வாய்ப்பு, ரெண்டு. எட்டு டைஸ், சராசரி 28, தப்பிச்சவனுக்கும் பாதி விழும், அதனால பாதிப் பேர் தப்பிச்சாலும் ஆளுக்கு 21. மூணு பேர் சிக்குனா 63, ரெண்டு பாலுக்கும் சேத்து 126. அதுக்கப்புறம் அவர் கையில மிச்சம் எத்தன தடவ வேணா போடக்கூடிய சின்ன ஸ்பெல், ஃபயர் போல்ட்தான், ரவுண்டுக்குச் சுமாரா 7. (சின்ன ஸ்லாட்டெல்லாம் தற்காப்புக்குப் போச்சுன்னு விட்டுட்டேன், ஃபைட்டரோட ஆக்‌ஷன் சர்ஜையும் (ஒரே ரவுண்டுல கூடுதலா அடிக்கிற சக்தி) விட்டுட்டேன், சேத்தா கோடு கொஞ்சம் நகரும், வடிவம் மாறாது.)

நாளைக்கு ஒரே சண்டை, நாலு ரவுண்டுன்னா ஃபைட்டர் 56, விசார்ட் 140. போன் நோண்டத்தான் தோணும். அதே நாள்ல தூங்காம ஆறு சண்டை, 24 ரவுண்டுன்னா ஃபைட்டர் 336, விசார்ட் 280! ரெண்டும் எங்க சந்திக்குதுன்னு போட்டுப் பாத்தேன், சரியா 16வது ரவுண்டு, ரெண்டு பேருக்கும் 224. பேப்பர்ல அது வந்து நின்னப்போ நான் தனியா சிரிச்சேன். வாளையோ ஃபயர்பாலையோ தொடவே இல்ல, பார்ட்டி, அதாவது சேந்து ஆடுற கூட்டம், எப்ப படுக்குதுங்கறதுதான் மாறுச்சு.

ஆட்டத்த நடத்துறவருக்கு (டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம்) வந்த 2014 புத்தகத்துலயே ஒரு நாளைக்கு ஆறுலேருந்து எட்டு சண்டைன்னுதான் கணக்கு வெச்சிருந்தாங்க. நான் ஆடுன டேபிள்கள்ல ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. முதல் அறையிலேயே எல்லா ஸ்பெல்லையும் கொட்டிட்டு, கதவ சாத்திட்டு, எட்டு மணி நேரம் குறட்டை!

இதுல நம்ம மூளையும் விசார்ட் பக்கம்தான். எட்டு டைஸ் ஒண்ணா உருளுற சத்தம் மனசுல நிக்கும், பதினாலு பதினாலா சேந்தது நிக்காது. டைஸ்னு வந்தாலே சில பேர் பண்ற அலும்பு இருக்கே, சரியா விழலன்னு டைஸை டப்பாவுல போட்டு தண்டனை குடுக்குறது, அடுத்தவன் தொட்டா ராசி போயிடும்னு கத்துறது... படிச்ச ஆளுங்கதான் இதெல்லாம். டைஸுக்கு ஞாபகசக்தி கிடையாதுங்க.

சரி, டேமேஜ தூக்கம் சமன் பண்ணிடும். ஆனா சமன் பண்ணவே முடியாத ஒண்ணு இருக்கு. விசார்ட் பூட்டுன கதவத் திறப்பார், சுவரத் தாண்டிப் பறப்பார், ரெண்டு நாள் பயணத்த டெலிபோர்ட்ல முடிப்பார். ஃபைட்டர் வெட்டுவார். நம்பர ஏத்துனாலும் இன்னும் நல்லா வெட்டுவார், அவ்ளோதான். 2008ல நாலாவது எடிஷன் எல்லா கிளாஸுக்கும் (ஃபைட்டர், விசார்ட் மாதிரி பாத்திர வகை) ஒரே மாதிரி பவர் பட்டியல் குடுத்து இத நேரா அடிச்சாங்க, எல்லாரும் ஒண்ணு போலவே இருக்காங்கன்னு நிறைய பேர் திட்டுனாங்க, என்னக் கேட்டா அவ்ளோ திட்டு தேவையில்ல. இதே வகை இன்னொரு விளையாட்டு பாத்ஃபைண்டர், 2019ல வந்த அதோட ரெண்டாவது எடிஷன்ல ஒரு டர்னுக்கு மூணு ஆக்‌ஷன், பெரும்பாலான ஸ்பெல்லுக்கு அதுல ரெண்டு காலி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோட 2024 ரூல்ஸ்ல ஆயுதத்தாலயே ஆள தள்ளலாம், கீழ விழ வைக்கலாம்.

இப்ப என் பல்பு. டிஎம்மா இருந்தப்போ கத்தி டேமேஜ டபுள் பண்ணேன். சண்டை எல்லாம் நாலு ரவுண்டுக்குப் பதிலா ரெண்டே ரவுண்டுல முடிஞ்சுது. ரவுண்டு குறைஞ்சா யாருக்கு லாபம்? முதல் ரவுண்டுலயே மொத்தத்தையும் கொட்டுறவருக்குத்தான். போதாததுக்கு மிச்ச ஸ்லாட்ட வெச்சு அவர் வெளிய ஊரையே ஆட்டி வெச்சார்.

அடுத்த வாரம் டேமேஜ பழையபடி ஆக்கிட்டு, பாதாளத்துல ஒரு பூஜை நடக்குது, பொழுது விடியறதுக்குள்ள முடிஞ்சுடும்னு மட்டும் சொன்னேன். படுக்க வழியில்ல. அஞ்சாவது சண்டையில விசார்ட் கை காலி, பின்னாடி கூட்டமா எதிரிங்க வர்றாங்க, அதுவரைக்கும் வாயே திறக்காத ஃபைட்டர் பொண்ணு போன கவுத்து வெச்சுட்டு கேட்டா, "நான் கதவுல முதுக முட்டுக் குடுத்து நிக்கலாமா?" ரூல் புக்ல அதுக்கு எதுவும் இல்ல, இருபதுமுக டைஸ உருட்டுன்னேன், 17 விழுந்துச்சு.